மூளை அலையைத் தேடிப் போய் சார்ஜரைக் கண்டுபிடித்தேன்: நியூரோ இன்ஜினியரிங் இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவர்களுக்கு

ஆய்வகத்தில் சேர்ந்த நான்காவது நாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு அலையைப் பார்த்துச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஒரே சீராக ஏறி இறங்கியது, கோலம் போட்ட மாதிரி. "அக்கா, இங்க பாருங்க, எவ்வளவு சுத்தமா வருது!" என்று சீனியரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து என் லேப்டாப் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினார். அலை பொசுக்கென்று படுத்துவிட்டது. நான் அவ்வளவு நேரம் ரசித்தது சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை.

அந்த எட்டு வார இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகு இதே துறையில் பிஎச்டிக்கு வந்துவிட்டேன். இப்போது புதிதாக வருகிற இன்டர்ன்களுக்கு, மூளையின் மின் சிக்னலைப் பிடிக்கும் எலக்ட்ரோடுகள் (மின்முனைகள்) பதித்த தொப்பியை மாட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே கேட்பது, "மாடல் ட்ரெயின் பண்ணுறது எப்போ?" என்பதுதான். தப்பில்லை, நானும் அதே கேள்வியோடுதான் வந்தேன். ஆனால் மாடலை வீட்டில் உட்கார்ந்தே ட்ரெயின் செய்யலாம். திரையில் தெரிவது மூளையா, சார்ஜரா, கண்ணா, தாடையா என்று சந்தேகப்படும் பழக்கத்தை வீட்டில் யாரும் சொல்லித்தர முடியாது. ஆய்வகத்துக்குப் போவது அதற்காகத்தான்.

போவதற்கு முன்

நரம்பு மண்டலத்திலிருந்து சிக்னலை எடுப்பது, அதற்குள் சிக்னலைச் செலுத்துவது, இரண்டையும் கணக்காக எழுதிப் பார்ப்பது. நியூரோ இன்ஜினியரிங் என்றால் சுருக்கமாக இவ்வளவுதான். காதுக்குள் வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட், பார்க்கின்சன் நோய்க்கு மூளையின் ஆழத்தில் வைக்கும் மின்முனை, தசை சிக்னலில் இயங்கும் செயற்கைக் கை எல்லாம் இதற்குள் வரும். இதில் எது உங்களை இழுக்கிறது என்று இப்போதே தெரியாவிட்டால் பரவாயில்லை.

தயாரிப்புக்கு ஒரு மாதம் போதும். நியூரோசயின்ஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தேவையில்லை. நரம்புச் செல் எப்படி மின் துடிப்பை உருவாக்குகிறது, மூளையின் எந்தப் பகுதி ஏறத்தாழ என்ன வேலை செய்கிறது, அவ்வளவு தெரிந்தால் சரி. அதைவிட முக்கியம் சிக்னல் பாடம். ஃபூரியே மாற்றம் (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிப்பது), சாம்பிளிங் (சீரான இடைவெளியில் மாதிரி எடுப்பது), ஃபில்டர் (வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டுவது) ஆகிய மூன்றையும் பரீட்சைக்குப் படித்த மாதிரி இல்லாமல், கையால் போட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். நொடிக்கு 160 முறை மாதிரி எடுத்தால் 80 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். ஃபிசியோநெட் தளத்தில் 109 பேரின் மூளை மின் அலைப் பதிவுகள் (இனி இஇஜி என்றே சொல்கிறேன்) இலவசமாகக் கிடைக்கின்றன. 64 சேனல் (தலையில் ஓர் இடத்துக்கு ஒன்று), நொடிக்கு 160 சாம்பிள். கையை அசைப்பது, அசைப்பதாக நினைப்பது இரண்டையும் வைத்து நடத்திய சோதனை அது. ஒவ்வொருவருக்கும் உள்ள 14 பதிவுகளில் முதல் இரண்டை மட்டும் எடுங்கள். முதலாவதில் ஒரு நிமிடம் கண் திறந்திருக்கும், இரண்டாவதில் ஒரு நிமிடம் கண் மூடியிருக்கும். பைதானில் எம்என்இ என்ற நூலகத்தால் திறந்து, பின்மண்டையில் இருக்கும் ஓ1, ஓஇஸட், ஓ2 சேனல்களின் ஆற்றலை அதிர்வெண் வாரியாக வரையுங்கள். கண் மூடியபோது 10 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மேடு எழும்பும். அதுதான் ஆல்ஃபா அலை, 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை. ஐந்தாறு பேருக்கு இதே படத்தைப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மலை மாதிரி இருக்கும், இன்னொருவருக்குக் கண்ணுக்கே தெரியாது. அந்த இன்னொருவரிடம் அரைமணி நேரம் செலவழியுங்கள். டேட்டா கெட்டுப்போயிருக்கிறதா, என் கோட் தப்பா, இல்லை அவர் மூளையே அப்படியா? இந்தக் கேள்வியோடு நீங்கள் வந்தால் என் மாதிரி ஆட்கள் உங்களை விடவே மாட்டோம்.

நேரம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து 1952இல் வெளியிட்ட, நரம்புத் துடிப்புக்கான சமன்பாடுகளை பைதானில் எழுதிப் பாருங்கள். ஒரு மதியம் போதும். ஹக்ஸ்லிக்கு அந்த வசதி இல்லை. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது வேலை செய்யவில்லை என்பதால் கைப்பிடி சுற்றும் கணக்குப்பொறியில் எண் எண்ணாகப் போட்டார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் திரையில் அந்தத் துடிப்பு நிமிர்ந்து விழும்போது அவர் கையை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆய்வகம், எப்படிக் கேட்பது

ஆய்வகத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைசி இரண்டு மூன்று வருடக் கட்டுரைகளை எடுத்து, முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் அது வேலை செய்த மாணவரின் பெயராக இருக்கும், கடைசிப் பெயர் பேராசிரியருடையதாக இருக்கும். மாணவர்களின் பெயர் மாறி மாறி வந்தால் அங்கே ஆட்கள் வேலை செய்து வெளியே போகிறார்கள் என்று பொருள். அப்புறம் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைப் படியுங்கள். உங்கள் எட்டு வாரம் கழியப்போவது அந்தப் பத்திகளுக்குள்தான். முன்னுரையில் "முடங்கியவர்களுக்குப் புது வாழ்வு" என்று இருக்கும். செய்முறையில் "பங்கேற்பாளர்கள் 400 முறை இடது அல்லது வலது கையை அசைப்பதாகக் கற்பனை செய்தனர்" என்று இருக்கும். இரண்டாவது வாக்கியம் அலுப்புத் தட்டவில்லை என்றால் விண்ணப்பியுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு ஆம்ப்ளிஃபையர், எலக்ட்ரோடு பக்கம் இடம் இருக்கும். கணினி படித்தவர்களுக்குச் சிக்னலைப் படித்துப் பிரிக்கும் பக்கம். மெக்கானிக்கல் என்றால் செயற்கை உறுப்புகள். விலங்குகளில் நேரடியாக மின்முனை வைத்துப் பதிவு செய்யும் ஆய்வகங்களும் உண்டு. அதற்குத் தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். இரண்டு மாதத்துக்கு வருகிறவரை அறுவைக்குப் பக்கத்தில் விடுவது அபூர்வம்; அங்கே போனாலும் பெரும்பாலும் டேட்டாதான் கையில் வரும். உங்கள் மனம் அதற்கு ஒத்துவருமா என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், முதல் இன்டர்ன்ஷிப்புக்கு மனிதர்களிடம் இஇஜியோ தசை சிக்னலோ எடுக்கும் ஆய்வகம்தான் சரி. காலையில் பதிவு செய்து, மதியம் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்து, மறுநாள் திரும்பப் பதிவு செய்யலாம். கற்பதற்கு அந்தச் சுற்று எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

மெயில் எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "சிறு வயதிலிருந்தே மூளை மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் மெயிலைப் பேராசிரியர் மூன்றாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. எனக்கு வேலை கிடைத்த மெயில் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"உங்கள் கற்பனை அசைவுக் கட்டுரையைப் படித்தேன். பொதுவில் கிடைக்கும் டேட்டாவில் அதே முறையைப் பத்துப் பேருக்குச் செய்து பார்த்தேன். ஆறு பேருக்கு சி3, சி4 சேனல்களில் எதிர்பார்த்த மாற்றம் தெரிகிறது, நான்கு பேருக்குத் தெரியவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன். அந்த நான்கு பேரில் என்ன நடக்கிறது என்று உங்கள் ஆய்வகத்தில் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் முழு நேரமும் வர முடியும். பைதான் தெரியும், சால்டரிங் தெரியும், இதுவரை யாருக்கும் இஇஜி எடுத்ததில்லை."

(சி3, சி4 என்பவை உச்சிக்கு இடமும் வலமும், கையை இயக்கும் மூளைப் பகுதிக்கு மேலே இருக்கும் சேனல்கள்.) அவ்வளவுதான். ஒரு படம், ஒரு கேள்வி, எந்தத் தேதி, என்ன தெரியும், என்ன தெரியாது. பதிமூன்று பேருக்கு அனுப்பினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள். பதில் வராததை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பேராசிரியர் பதில் போடாத இடத்தில் பிஎச்டி மாணவருக்கு எழுதிப் பாருங்கள். கூடுதல் கை தேவைப்படுவது அவருக்குத்தான்.

பேச அழைத்தால் நீங்களும் கேள்வி கேளுங்கள். தினமும் என் பக்கத்தில் உட்காரப்போவது யார்? டேட்டா ஏற்கெனவே இருக்கிறதா, இனிமேல்தான் எடுக்க வேண்டுமா? நெறிக்குழு அனுமதி வாங்கியாயிற்றா? கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்த நண்பன் ஒருவன், அனுமதிக் கடிதம் வரும் என்று காத்திருந்தே முழு இன்டர்ன்ஷிப்பையும் கழித்தான். மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் அந்த அனுமதி இல்லாமல் ஒரு எலக்ட்ரோடுகூட ஒட்ட முடியாது, ஒட்டவும் கூடாது.

தொப்பி மாட்டும் வாரம்

முதல் வாரம் உங்களைச் சோதனைக்கு உட்காரச் சொன்னால் உடனே சரி என்று சொல்லுங்கள். ஜெல் தலையில் வழியும்போது எப்படி இருக்கிறது, 40 நிமிடம் அசையாமல் இருந்தால் கழுத்து என்ன பாடுபடுகிறது, ஒரே அம்புக்குறியை 200ஆவது முறை பார்க்கும்போது மனம் எங்கே போகிறது என்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். எங்கள் சோதனையில் இடைவேளையைக் கூட்டச் சொன்னது நான்தான். நாற்காலியில் தூங்கிவிட்டிருந்தேன்.

அப்புறம் மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். எலக்ட்ரோடு எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு 10-20 என்ற முறை உண்டு. 1958இல் வெளியானது, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இரு கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்தில் டேப்பை வைத்து, உச்சி வழியாகப் பின்மண்டையில் துருத்தும் எலும்பு முடிச்சு வரை அளக்க வேண்டும். 36 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 சதவீதம், அதாவது 3.6 செ.மீ., நெற்றிப் புள்ளி. அதிலிருந்து 20 சதவீதம், 7.2 செ.மீ., அடுத்த புள்ளி. இப்படியே போனால் 18ஆவது செ.மீ.யில் உச்சிப் புள்ளி விழும். அதை சிஇஸட் என்பார்கள். ஒற்றைப்படை எண் இடது பக்கம், இரட்டைப்படை எண் வலது பக்கம், இஸட் என்றால் நடுக்கோடு. தொப்பி தயாராகத் துளை போட்டே வருகிறதே, ஏன் அளக்க வேண்டும் என்று நானும் கேட்டேன். தலைகள் தொப்பிக்குத் தயாராக வருவதில்லை. ஒன்றரை செ.மீ. முன்னால் நகர்ந்த தொப்பியில் உங்கள் சி3 வேறு ஏதோ ஒரு இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஜெல் ஊற்றுவது தனிக் கலை. முனை மழுங்கிய ஊசியால் துளைக்குள் முடியை வட்டமாக விலக்கி, தோல் தெரிந்ததும் மெல்ல ஊற்றியபடியே ஊசியை மேலே இழுக்க வேண்டும். இம்பீடன்ஸை (எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் மின்தடையை) திரையில் பார்த்துக்கொண்டே இருங்கள். நாங்கள் வைத்திருந்த வகைத் தொப்பிக்கு 5 கிலோ ஓம்முக்குக் கீழே வந்தால் திருப்தி. வரவில்லை என்று இன்னும் இன்னும் ஜெல்லை அடிக்காதீர்கள். நான் அடித்தேன். பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளின் ஜெல் தோலின் மேல் ஒன்றாகக் கலந்து பாலம் போட்டுவிட்டது. இரண்டு சேனலும் அச்சு அசலாக ஒரே அலையைக் காட்டின. அதையும் "எவ்வளவு ஒத்துப்போகுது பாருங்க" என்று காட்டியிருப்பேன். சார்ஜர் விஷயத்துக்குப் பிறகு கொஞ்சம் வாயை அடக்கியிருந்தேன்.

பங்கேற்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: தலைக்குக் குளித்து, எண்ணெயோ வேறு எதுவுமோ தடவாமல் வாருங்கள் என்று. முடிந்ததும் தொப்பியை உடனே கழுவுங்கள். காய்ந்த ஜெல்லைக் கூர்மையான எதையும் வைத்துச் சுரண்டாதீர்கள், எலக்ட்ரோடின் மேல்பூச்சு போய்விடும். தொப்பி கழுவும் இன்டர்னை எல்லோருக்கும் பிடிக்கும். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி சீனியர்கள் சொன்ன விஷயங்கள்தான் எனக்கு இன்றும் சோறு போடுகின்றன.

இரைச்சல் வேட்டை

தலைமேல் எடுக்கும் இஇஜி பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட். இதயத்தின் சிக்னல் மார்பில் ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு வரும், அதாவது பத்து முதல் நூறு மடங்கு பெரியது. கண் சிமிட்டினால் நெற்றிச் சேனல்களில் 100 மைக்ரோவோல்ட்டைச் சாதாரணமாகத் தாண்டும். சந்தைக்கடைச் சத்தத்தில் ஒருவர் காதுக்குள் பேசுவதைக் கேட்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலைக் கண்டவுடன் ஃபில்டரைத் தேடாதீர்கள். முதலில் எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள். சுவர் மின்சாரத்தின் ஹம் (50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60) ஒரே ஒரு சேனலில் வந்தால் அந்த எலக்ட்ரோடு சரியாகத் தொடவில்லை. எல்லாச் சேனலிலும் வந்தால் எல்லாச் சேனலுக்கும் பொதுவான கிரவுண்டு, ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுகளைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் விடவில்லை என்றால் ஒவ்வொரு பொருளாக அணையுங்கள்: லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள், மேஜை விளக்கை அணையுங்கள், கேபிள் எதாவது பவர் கார்டோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரோடு வயர்களைத் தனித்தனியாகப் பரப்பாமல் ஒரு கட்டாகச் சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். வயர்களுக்கு நடுவே இருக்கும் வளையம் பெரிதாக ஆக, சுற்றி இருக்கும் காந்தப்புலம் அதில் அதிகமாக மின்னழுத்தத்தைத் தூண்டும், அதுதான் காரணம்.

மெல்ல மலைபோல ஏறி இறங்கினால் பெரும்பாலும் வியர்வை, அறையைக் குளிர்வியுங்கள். காதுப் பக்கச் சேனல்களில் அடர்த்தியாகப் புல் முளைத்த மாதிரி இருந்தால் தாடை. "பல்லைக் கடிக்காதீங்க, வாயைக் கொஞ்சம் தளர விடுங்க" என்று சொன்னால் போய்விடும். நொடிக்கு ஒரு முறை ஒழுங்காகக் குத்தினால் இதயம். பதிவின் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, பங்கேற்பாளரைக் கண் சிமிட்ட, பல்லைக் கடிக்க, கண்ணை இடமும் வலமும் ஓட்ட, கண்ணை மூடச் சொல்லுங்கள். பிற்பாடு சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு முகவரிப் புத்தகம் இருக்கும். கண் மூடியபோது ஆல்ஃபா எழும்பாவிட்டால் பதிவைத் தொடங்காமல் எலக்ட்ரோடுகளை ஒரு முறை திரும்பப் பாருங்கள். ஆள் அப்படியென்றால் அதையும் நோட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இஇஜியைப் பதிவு செய்தது 1924இல். வெளியிட்டது 1929இல். நடுவில் ஐந்து வருடம், இது இதயமா, தசையா, ரத்த ஓட்டமா, கருவியின் கோளாறா என்று தன்னையே குடைந்துகொண்டிருந்தார். வெளியிட்ட பிறகும் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் மேத்யூஸும் திரும்பச் செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நீங்களே சர்க்யூட் செய்து உங்கள் தலையில் மாட்டிப் பார்க்க ஆசை வரும், எல்லோருக்கும் வரும். பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள், கம்ப்யூட்டரும் பிளக்கில் இல்லாமல் இருக்கட்டும். மின் இணைப்பில் இருக்கும் கருவிக்கும் மனித உடம்புக்கும் நடுவே முறையான தனிமைப்படுத்தல் இல்லாமல் எதையும் இணைக்காதீர்கள். அதேபோல மூளைக்குள் மின்சாரம் செலுத்தும் எதையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

91 சதவீதம்

ஐந்தாவது வாரம். எங்கள் சோதனையில் திரையின் இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ ஒரு அம்புக்குறி வரும், அந்தப் பக்கக் கையை அசைப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். கையை நினைத்தாலே எதிர்ப்பக்க மூளையில், சி3 அல்லது சி4 பக்கம், 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான தாளம் குறையும். அதை வைத்து இடதா வலதா என்று கணிக்க வேண்டும். 80 முறை செய்ததில் என் கோட் 91 சதவீதம் சரியாகச் சொன்னது. இரவு பத்து மணிக்கு அறைக்குள் தனியாகக் குதித்தேன்.

மறுநாள் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்தச் சேனல் அதிகமா உதவி பண்ணுது?" எந்தச் சேனல் எவ்வளவு உதவுகிறது என்று வண்ணத்தில் காட்டும் தலைப்படம் போட்டுப் பார்த்தேன். சி3, சி4 அடங்கிக் கிடந்தன. எஃப்7, எஃப்8 பளபளவென்று எரிந்தன. கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியின் இரு ஓரங்களில் இருப்பவை.

கண் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. முன்பக்கம் விழித்திரையை விட நேர்மின்னழுத்தம் கொண்டது. கண் இடது பக்கம் திரும்பினால் இடது ஓர எலக்ட்ரோடு ஏறும், வலது இறங்கும். அம்புக்குறி ஓரத்தில் வந்ததால் எல்லோரும் கண்ணைத் திருப்பியிருக்கிறார்கள். நானும் ஃபில்டரை 1 ஹெர்ட்ஸிலிருந்தே திறந்துவைத்து, மெதுவான கண் அசைவு முழுவதையும் உள்ளே விட்டிருக்கிறேன். மூளையைப் படிக்கும் இயந்திரம் என்று நான் நினைத்தது கண்ணைப் படிக்கும் இயந்திரம். அம்பைத் திரையின் நடுவுக்கு மாற்றி, ஃபில்டரைத் திருத்தி, திரும்பவும் 80 முறை எடுத்தோம். 46 சரி, 57.5 சதவீதம்.

57.5 என்றால் பாதிக்கு மேல்தானே என்று தோன்றும். காசைச் சுண்டினாலும் 80இல் 46 அல்லது அதற்கு மேல் வருவதற்குப் பத்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. தற்செயலாக வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற வழக்கமான வரம்பைத் தாண்டவே 48 வேண்டும். இந்தக் கணக்கைச் சோதனை தொடங்கும் முன்பே போட்டு வையுங்கள். முடிவு வந்த பிறகு போட்டால் மனம் பேரம் பேசும்.

பதிவு செய்த டேட்டாவை மாடலுக்குள் விடும்போது இன்னும் சில குழிகள் உண்டு. பயிற்சிக்கு ஒரு பகுதி, சோதனைக்கு ஒரு பகுதி என்று பிரித்த பிறகுதான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா டேட்டாவையும் பார்த்து நல்ல சேனல்களைப் பொறுக்கிவிட்டுப் பிறகு பிரித்தால், பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டுப் படித்த கதைதான். இதைப் பிடிக்க எளிய வழி: இடது, வலது பெயர்களைக் குலுக்கிப்போட்டு மொத்த நிரலையும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். சராசரி 50ஐச் சுற்றியே வர வேண்டும். 65 வருகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது. ஆனால் கவனியுங்கள், என் கண் அசைவுத் தப்பை இந்தக் குலுக்கல் கண்டுபிடித்திருக்காது. இடது, வலது பெயரோடு கண்ணும் உண்மையாகவே சேர்ந்து நகர்ந்ததே! அதற்கு யாராவது வந்து "எந்தச் சேனல்?" என்று கேட்க வேண்டும்.

பெரிய ஆட்களுக்கும் இந்தச் சறுக்கல் உண்டு என்று ஆறுதல் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 2009இல் ஒரு ஆய்வுக் குழு செத்த சால்மன் மீன் ஒன்றை மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டியது. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிப்பதற்கான திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் மீனின் மூளையில் "செயல்பாடு" தெரிந்தது. மீன் என்னவோ செத்தேதான் இருந்தது.

நோட்டு, நேரம், மனிதர்கள்

ஒரு காகித நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பங்கேற்பாளர் எண் (பெயர் வேண்டாம்), இம்பீடன்ஸ், எந்தச் சேனல் மக்கர் பண்ணியது, எத்தனை மணிக்கு யார் கதவைத் தட்டினார்கள் என்பது வரை எழுதுங்கள். ஒருநாள் 23ஆவது நிமிடத்தில் எல்லாச் சேனலும் எகிறிக் குதித்திருந்தன. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு நோட்டைப் பார்த்தால் "11.23, தும்மல்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பதிவு தொடங்கியது 11 மணிக்கு.

நேரக் குறியீட்டையும் நம்பிவிடாதீர்கள். படம் திரையில் வந்ததாக உங்கள் நிரல் சொல்லும் நேரமும், உண்மையில் வெளிச்சம் வந்த நேரமும் ஒன்றல்ல. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி, திரையின் சொந்தத் தாமதம் அதற்கு மேல். திரை மூலையில் ஒரு ஒளி உணரியை ஒட்டி அளந்து பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான், ஆனால் ஆய்வகத்தில் எல்லோரும் நன்றி சொல்வார்கள்.

பங்கேற்பாளர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒப்புதல் படிவத்தை அவர் படித்து முடிக்கும் வரை பேனாவை நீட்டாதீர்கள். எப்போது வேண்டுமானாலும், காரணமே சொல்லாமல் நிறுத்திவிட்டுப் போகலாம் என்று வாயாலும் சொல்லுங்கள். "என் மூளை நல்லா இருக்கா?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். "நான் டாக்டர் இல்லைங்க, இது மருத்துவப் பரிசோதனையும் இல்லை" என்பதுதான் ஒரே பதில். விளையாட்டாகக்கூட வேறு எதுவும் சொல்லாதீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னதை அவர் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார்.

சந்தேகம் கேட்பதற்கு என் கணக்கு ஒரு மணி நேரம். அதுவரை நீங்களே முட்டுங்கள். பிறகு, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். மூன்று நாள் மௌனமாக முட்டிக்கொண்டிருக்கும் இன்டர்ன்தான் எனக்குப் பெரிய கவலை. வெள்ளிக்கிழமைதோறும் பேராசிரியருக்கு ஐந்து வரி மெயில் அனுப்புங்கள். பதில் வராது, ஆனால் படிப்பார்.

கடைசி வாரம்

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். நானும் ஒரு புது மாடலை ஆரம்பித்து, முடிக்காமல், நிரலையும் ஒழுங்காக எழுதி வைக்காமல் கிளம்பினேன். மூன்று மாதம் கழித்து அக்காவுக்கு வீடியோ அழைப்பில் என் நிரலை நானே புரியாமல் விளக்க வேண்டியிருந்தது. உங்கள் கோட் எந்தக் கோப்பிலிருந்து தொடங்கி எந்தப் படத்தில் முடிகிறது என்று ஒரு பக்கம் எழுதி, சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து அவர் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஆய்வகத்துக்கு முன்னால் பேசச் சொல்வார்கள். 57.5ஐ மறைக்காமல் போடுங்கள். நான் 91, எஃப்7, எஃப்8, பிறகு 57.5 என்று வரிசையாகக் காட்டினேன். அதிகம் கேள்வி வந்தது அந்த மூன்று ஸ்லைடுகளுக்குத்தான்.

பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். எந்தெந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக் கூடவே கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும், ஒளி உணரி ஒட்டியது ஞாபகம் இருக்காது. பங்கேற்பாளர்களின் டேட்டா உங்கள் லேப்டாப்பில் இருந்தால் அழித்துவிட்டு, அழித்ததை மெயிலில் தெரிவியுங்கள். நோட்டு ஆய்வகத்துக்குச் சொந்தம், அதை விட்டுவிட்டுப் போங்கள். சாவியையும் கொடுத்துவிடுங்கள். என்னுடையது பேன்ட் பாக்கெட்டிலேயே வீட்டுக்கு வந்து, ஒரு முறை துவைக்கவும் பட்டு, பிறகு தபாலில் திரும்பிப் போனது.